பிள்ளைக்குக் காய்ச்சல்: வீட்டில் செய்ய வேண்டியதும், வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய நேரமும்

கர்த்தருக்குள் பிரியமான நண்பர்களுக்கு,

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் எங்கள் குழந்தைகள் வார்டில் இடம் கிடைப்பது அரிது. விழுப்புரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும், பம்பை ஆற்றங்கரையில் திருவாமாத்தூர் பக்கத்திலிருந்தும், திண்டிவனம் சாலையிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். "ஐயா, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது."

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு கிராமங்களுக்குச் சென்றபோது, வீட்டையும் பயிரையும் பற்றிக் கேட்டவர்களைவிட, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்ட தாய்மாரே அதிகம். ஆகவே இந்த மடலில் அதையே எழுதத் தீர்மானித்தோம். உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு. உங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டு. பட்டணமானாலும் கிராமமானாலும் காய்ச்சல் ஒன்றுதான்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படுக்கை அருகே உட்கார்ந்து ஜெபித்தும், கேட்டும், பார்த்தும் வந்திருக்கிறோம். இங்கே எழுதியிருப்பது குழந்தைகள் டாக்டர்களும் வார்டு சிஸ்டர்களும் தாய்மாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறவையே.

எங்கள் தவறு ஒன்று

முதலில் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் வீடு சந்திக்கப் போயிருந்தோம். ஏழு வயதுப் பையனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். அன்று காலை ஜுரம் இறங்கிவிட்டது. தாய் மகிழ்ச்சியாக இருந்தாள். நாங்களும் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. ஸ்தோத்திரம் செலுத்தி, "இனி பயமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம். பையன் வயிறு வலிக்கிறது என்று சொன்னதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலையே அவனைத் தூக்கி வந்தார்கள். கை கால் சில்லிட்டிருந்தது, நாடி பிடிபடவில்லை. டெங்கு. காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் அந்த நோயில் மிகவும் ஆபத்தான நேரம் என்று சிஸ்டர் எங்களுக்கு விளக்கினார். மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு பையன் பிழைத்தான், தேவனுக்கு மகிமை. ஆனால் அறியாமல் சொன்ன ஓர் ஆறுதல் வார்த்தை எவ்வளவு ஆபத்தாக முடியக்கூடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். அதன் பிறகு எந்த வீட்டிலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாங்கள் ஜெபித்துவிட்டுத் திரும்புவதில்லை.

காய்ச்சல் என்பது என்ன?

காய்ச்சல் ஒரு நோய் அல்ல, நோயின் அறிகுறி. கிருமி உடலில் புகுந்தவுடன், மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் உடலின் சூட்டைத் தானே உயர்த்துகிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகள் பெருகுவது தடைபடுகிறது. உடலின் எதிர்ப்புப் படை வேகமாக வேலை செய்கிறது. ஆகவே காய்ச்சல் முழுவதும் சத்துரு அல்ல. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் அதைக் காய்ச்சல் என்கிறோம்.

தெர்மாமீட்டரின் எண் நோயின் கடுமையைக் காட்டுவதில்லை. 103 டிகிரி காய்ச்சலிலும் மருந்து கொடுத்த அரை மணியில் எழுந்து விளையாடுகிற பிள்ளை உண்டு. 101 டிகிரியில் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிற பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்குத்தான் ஆபத்து. எண்ணைப் பார்ப்பதோடு பிள்ளையைப் பாருங்கள்.

இருந்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருப்பது நல்லது. தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சல் பல நேரம் தவறிவிடுகிறது. அக்குளின் வியர்வையைத் துடைத்து, தெர்மாமீட்டரை வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் ஆபத்து. அதைப் பிள்ளையின் வாயில் வைக்கவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

நம் ஊரில் காய்ச்சல் என்றவுடன் கம்பளியால் போர்த்தி, ஜன்னலைச் சாத்தி, சோற்றை நிறுத்திவிடுவது வழக்கம். மூன்றும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை போதும். காற்று வரட்டும். நடுக்கம் இருக்கும்போது மட்டும் ஒரு போர்வை போர்த்தி, நடுக்கம் நின்றதும் எடுத்துவிடலாம்.

பட்டினி போடக் கூடாது. காய்ச்சலில் உடம்புக்கு உணவும் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மோர், இளநீர், காய்ச்சி ஆறிய தண்ணீர், எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதும் ஒரே முறையில் கரைத்துக் கொடுங்கள்; பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் கரைக்க வேண்டாம். பிள்ளை போதுமான அளவு குடிக்கிறதா என்பதற்குச் சிறுநீரே சாட்சி. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை என்றால் அது எச்சரிக்கை.

ஈரத் துணி வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோல் குளிர்ந்தவுடன் உடம்பு நடுங்கி உள்ளே இன்னும் சூட்டை உண்டாக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்தால் சிறிது நேரம் இதமாக இருக்கும். சூடு குறைவது கொஞ்ச நேரத்துக்குத்தான். பிள்ளை நடுங்கினாலோ அழுதாலோ நிறுத்திவிட வேண்டும். ஸ்பிரிட், கொலோன் முதலியவற்றைத் தேய்ப்பது கூடாது. அவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும்.

மருந்தும் அளவும்

வீட்டில் கொடுக்கக்கூடிய காய்ச்சல் மருந்து ஒன்றே ஒன்றுதான்: பாராசிட்டமால். அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இங்கேதான் படித்தவர்களும் தவறுகிறார்கள். கடையில் பாராசிட்டமால் மூன்று விதமான பாட்டில்களில் கிடைக்கிறது. ஒரு வகை சிரப்பில் 5 மில்லியில் சுமார் 125 மில்லிகிராம் மருந்து. இன்னொரு வகையில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தேவை 150 மில்லிகிராம். அதாவது முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இதையே இரண்டு மூன்று நாள் செய்தால் ஈரல் கெட்டுப்போகும். ஆகவே பாட்டிலின் எழுத்தை வாசியுங்கள். வாசிக்க முடியாதவர்கள் கடைக்காரரிடமோ கிராம செவிலியரிடமோ கேளுங்கள். அடுப்படிக் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவு மூடியால் அளந்து கொடுங்கள்.

மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கி, பிள்ளை சற்றுத் தெளிவாக இருந்தால் அதுவே போதும், 98.4-க்கு வந்தே தீர வேண்டும் என்று மேலும் மேலும் கொடுக்க வேண்டாம். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. அது சிலருக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குக் காரணமாகலாம். நிமசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை 2011-ல் இந்திய அரசு தடை செய்தது. இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் ஆகியவை டெங்குவில் இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். "ஒரு ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று வற்புறுத்துவதும் அப்படித்தான். டெங்கு இருக்கும்போது தசையில் போடும் ஊசியால் உள்ளே இரத்தம் கட்டலாம்.

பாராசிட்டமாலும் சளி மருந்தும் கலந்த சிரப்புகளை இரண்டு பாட்டிலிலிருந்து கொடுத்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். இருமல் மருந்தைப் பற்றி ஒரு துயரச் செய்தி. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் சாதாரணச் சளி, காய்ச்சலுக்காக இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து மரித்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. சளி இருமல் பெரும்பாலும் தானே போய்விடும். சிறு பிள்ளைகளுக்குக் கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

வலிப்பு வந்தால்

காய்ச்சலில் வலிப்பு வரும்போது பார்க்கிற பெற்றோருக்கு உயிர் போய்விடும். கண் செருகி, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளும். பிள்ளை இறந்துவிட்டது என்றே நினைத்துக் கதறுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும். சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் மூளை கெடுவதில்லை, படிப்பும் கெடுவதில்லை. ஒரு முறை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். வயது ஏற ஏற நின்றுவிடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பக்கம் இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். எச்சில் வெளியே வழியட்டும். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ மருந்தோ எதுவும் வைக்க வேண்டாம். கையில் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கிற வலிப்புக்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. பற்களுக்கு நடுவே கரண்டியைத் திணித்துப் பல் உடைந்து, வாயெல்லாம் இரத்தமாக வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். மாந்தம் என்று சூடு போட்டு, அந்தப் புண்ணோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்தத் தாய்மாரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. பயத்தில் செய்தார்கள், அவர்களுக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் மறுபடியும் வந்தாலோ, நின்ற பிறகு பிள்ளை தெளியாவிட்டாலோ உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். இந்த ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் தமிழ்நாட்டில் உள்ளது, கட்டணம் இல்லை.

எங்கள் பகுதியில் கவனிக்க வேண்டிய காய்ச்சல்கள்

பெரும்பாலான காய்ச்சல்கள் வைரஸால் வந்து மூன்று நாளில் போய்விடும். போகாதவற்றில் சில எங்கள் மண்ணோடு சேர்ந்தவை.

டெங்குவை முன்பே சொன்னோம். நல்ல தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் பிள்ளையைக் கண்காணியுங்கள். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத சோர்வு அல்லது எரிச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் புறப்பட வேண்டும்.

மூளைக்காய்ச்சலில் ஒரு வகை ஜப்பானிய மூளை அழற்சி. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலில் 1955-ல் வேலூரில்தான் கண்டறியப்பட்டது. நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு, பன்றி ஆகியவற்றிடமிருந்து இதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. நெல் விளையும் எங்கள் பகுதி இந்நோய் காணப்படும் பகுதி. ஆனால் தடுப்பூசி உண்டு. 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது, இரண்டும் இலவசம். அட்டையை எடுத்துப் பாருங்கள், விடுபட்டிருந்தால் கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. புதர்களில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடங்களில் இருப்பதால் தாய்தான் பார்த்துச் சொல்ல முடியும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடாத பிள்ளையைத் துடைத்துவிடும்போது தலை முதல் கால் வரை பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் மருந்து மலிவு, குணமும் விரைவு. காணாமல் விட்டால் நுரையீரல், மூளை வரை தாக்கும்.

விடாமல் நீடிக்கும் காய்ச்சல் டைபாய்டாகவும் இருக்கலாம். இதற்குத் தண்ணீரும் கைச்சுத்தமும் காரணம். முன்பு வாங்கிவைத்த மாத்திரையில் மிச்சம் இருந்த இரண்டைக் கொடுத்து அரைகுறையாக வைத்தியம் பார்த்தால், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பரிசோதனையிலும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

எப்போது புறப்பட வேண்டும்?

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், வீட்டு மருந்து வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அப்போதே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எந்த வயதானாலும், பால் குடிக்க முடியாவிட்டால் அல்லது எதையும் விழுங்க முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால் அல்லது உச்சிக்குழி புடைத்தால், விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தோன்றினால், சிறுநீர் குறைந்து, வாய் உலர்ந்து, கண் குழி விழுந்தால் உடனே புறப்படுங்கள்.

மூச்சையும் எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, இவற்றை எட்டினால் அல்லது மிஞ்சினால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அது இன்னும் அவசரம்.

இவை ஒன்றும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் அல்லது 104-ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எழுதி வையுங்கள்

யோவான் சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தில், ஜுரமாய்க் கிடந்த மகனைக் கப்பர்நகூமில் விட்டுவிட்டு, கானாவுக்கு வந்த ஒரு தகப்பனைப் பார்க்கிறோம். திரும்பும் வழியில் ஊழியக்காரர் எதிர்ப்பட்டுப் பிள்ளை பிழைத்தான் என்று சொன்னபோது, அவன் கேட்ட முதல் கேள்வி, எந்த மணி நேரத்தில் குணம் ஏற்பட்டது என்பதே. நாங்கள் பல தடவை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் அந்தக் கேள்வியின் அருமை எங்களுக்கு வார்டில்தான் விளங்கியது. விசுவாசமுள்ள அந்தத் தகப்பன் நேரத்தையும் விசாரித்தான்.

நீங்களும் ஒரு தாளை எடுத்து, காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, எந்த மருந்து எத்தனை மில்லி கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளிக்குப் போகிற மூத்த பிள்ளை எழுதித் தரட்டும். மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு வரட்டும். அவசர நேரத்தில் அந்தத் தாளே டாக்டருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் இதை வாசித்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அன்று வயிற்று வலி என்று சொன்ன அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். வழியில் எங்களைக் கண்டால் "ஐயா, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் பறந்துவிடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியோடு தலை குனிகிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்